ஆடிக் காற்றில் தொங்கிய பெட்டி

ஓய்வு பெற்றவனைப் பார்க்க வருகிறவர்கள் பொதுவாக சுகர், பிரஷர் பற்றித்தான் விசாரிப்பார்கள். என்னிடம் மட்டும் கூடவே இன்னொன்றையும் கேட்பார்கள். அவ்வளவு பெரிய பெட்டி தலைக்கு மேல் தொங்கும்போது பயமாக இருக்காதா என்று. போன மாதம் சரவணம்பட்டியில் எங்கள் பழைய கம்பெனி வேலை எடுத்திருக்கும் ஒரு ஐ.டி. கட்டடத்துக்குப் போயிருந்தேன். ஏ.எச்.யு. துண்டு துண்டாக வந்து, சரக்கு லிஃப்டில் ஏறி, மேல் மாடியில் போல்ட் போட்டு ஒன்றாகிக்கொண்டிருந்தது. கிரேன் இல்லை, கயிறு இல்லை, தெருவை மறிக்கவில்லை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அங்கிருந்த இளம் இன்ஜினியர்களும் டீ குடிக்கும்போது அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பயமாகத்தான் இருக்கும் என்றேன். பயந்தால் அதை வாய்விட்டுச் சொல்லலாம் என்று இருந்த ஒருவரிடம் வேலை பார்த்தேன், அது என் அதிர்ஷ்டம் என்றும் சொன்னேன். டீ ஆறுவதற்குள் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஏ.எச்.யு. என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கட்டடங்களில் அறை அறையாகக் குளிர்காற்று வருகிறதல்லவா, அந்தக் காற்றை வடிகட்டி, குளிரவைத்து, குழாய் வழியாகத் தள்ளுகிற இயந்திரம் அது. ஒரு வேன் அளவுக்கு இருக்கும் தகரப் பெட்டி. உள்ளே ஃபில்டர், குளிர்ந்த நீர் ஓடும் செப்புக் குழாய்ச் சுருளான காயில், பெரிய ஃபேன், அதைச் சுழற்றும் மோட்டார். பெரும்பாலும் மொட்டை மாடியில்தான் அதற்கு இடம் ஒதுக்குவார்கள். அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் என் வேலையாக இருந்தது.

நான் கொடுமுடிக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். கோயம்புத்தூர் வந்து முதல் சில வருடங்கள் நூல் மில்களில் ஈரக்காற்று பிளாண்ட் மாட்டும் வேலை. நூல் அறுந்துபோகாமல் இருக்க மில்லுக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும். பாரம் தூக்கும் செயின் பிளாக்கை இழுப்பது, மட்டம் பார்ப்பது, ஃபேன் சத்தத்தைக் கேட்டு பேரிங் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது எல்லாம் அங்கே கற்றது. பிறகு ஏ.சி. காண்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

எங்கள் புராஜெக்ட் இன்ஜினியராக ரோஸ்லின் மேடம் வந்தபோது, பெட்டி தூக்குகிற வேலையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. மேடத்தின் அப்பா ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர். மகளை இன்ஜினியரிங் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்துவிட்டார். ஒல்லியான உருவம், மெல்லிய குரல். கிரேன் ஓடுகிற இடத்தில் இந்தக் குரல் யாருக்குக் கேட்கும் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டது உண்மை. முதல் நாளும் அவர் குரலை உயர்த்தவில்லை. நாங்கள்தான் சத்தத்தைக் குறைத்துக்கொண்டோம்.

அவருடைய வழக்கம் இது. பெட்டி தூக்குகிற நாளில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைப்பார். தான் ஒன்றும் சொல்லமாட்டார். ஒவ்வொருவராகப் பார்த்து, "சொல்லுங்க, இன்னிக்கு உங்க வேலை என்னங்க?" என்பார். கிரேன் ஓட்டுகிற காதர் பாய் முதல், தெருவில் கயிறு கட்டி ஆட்களை நிறுத்துகிறவர் வரைக்கும், அவரவர் வேலையை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். எங்கே நிற்பேன், யாரைப் பார்ப்பேன், பெட்டி இந்தப் பக்கம் வந்தால் எந்தப் பக்கம் நகர்வேன் என்பதுவரை. சொல்லும்போது யாராவது தடுமாறினால் வேலை ஆரம்பிக்காது. தடுமாறியவரைக் கடிந்துகொள்ளவும் மாட்டார். "இன்னொருக்கா சொல்லுங்க, எனக்கே சரியாப் புரியலீங்க" என்பார். கடைசியில் தினமும் ஒரே பேச்சு. சிக்னல் கொடுப்பது ஒருவர்தான். நிறுத்தச் சொல்வது யார் வேண்டுமானாலும். "ஏன் நிறுத்துனீங்கன்னு நான் கேக்க மாட்டனுங்க" என்று சொல்லி முடிப்பார்.

பெட்டியைத் தூக்குவதில் அவர் எதையும் அவசரப்படுத்தியது இல்லை. ஏ.எச்.யு. பார்க்கத்தான் வெறும் பெட்டி. பாரம் உள்ளே ஒரே சீராக இருக்காது. காயிலும் ஃபேனும் இருக்கிற பக்கம் கனம், ஃபில்டர் பக்கம் லேசு. அதனால் கொக்கி பெட்டியின் நடுவுக்கு நேராக இருந்தால் போதாது, பாரத்தின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். கம்பிவடத்தை அடிச்சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். மேலே ஒரு இரும்புக் கம்பம் வைத்து வடங்களை அகட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வடம் பெட்டியின் தோளை நெரித்து, தகட்டை அமுக்கிவிடும். எல்லாம் மாட்டிய பிறகு தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கி அப்படியே நிறுத்தச் சொல்வார். நாங்கள் சுற்றிவந்து பார்ப்போம். மட்டமாக இருக்கிறதா, வடத்தைப் பூட்டும் ஷேக்கிள் வளையத்தின் ஆணி முழுக்க ஏறியிருக்கிறதா, கிரேன் சாயாமல் இருக்க ஊன்றிய கால்கள் மண்ணில் அமுங்குகின்றனவா. எல்லோருடைய முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அவர் தலையசைப்பார்.

கால்கள் என்றதும் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் நினைவுக்கு வருகிறது. மண்டபத்துக்காரர் பெரிய விவசாயி, நூல் வியாபாரமும் உண்டு. நல்ல மனுஷர். வந்தவுடன் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கிரேன் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டியபோது மேடம் அந்தத் தளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டார். "நானே பக்கத்துல நின்னு போட்ட தளமுங்க அது. லோடு லாரியே வந்து நிக்குதுங்க" என்றார் அவர், கொஞ்சம் மனம் வருந்தி.

மேடம் சிரித்தார். "லாரி நிக்குமுங்க. லாரி பாரம் எல்லாச் சக்கரத்துக்கும் பிரிஞ்சு போயிருமுங்க. கிரேன் அந்தப் பக்கம் திரும்புனா, பாரம் பூரா ஒத்தக் காலு மேல வந்துருமுங்க" என்றார். பிறகு கடப்பாரையை வாங்கித் தளத்தில் வரிசையாகத் தட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. மண்டபத்துக்காரர் தம்பிக்கு போன் போட்டார். அவர் வெளியூர் போயிருந்த சமயத்தில் தம்பி அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி மூடியிருந்தார். கிரேனைத் தள்ளி நிறுத்தி, கால்களுக்குக் கீழே ரயில் கட்டைகளை அடுக்கி வேலையை முடித்தோம். அன்று மத்தியானம் அவர் போட்ட சாப்பாட்டைக் கல்யாண வீட்டிலும் நான் சாப்பிட்டதில்லை. தம்பியை எங்கள் இலைக்கு எதிரே உட்காரவைத்துக்கொண்டு பரிமாறினார்.

எனக்கு மறக்காத வேலை என்றால், கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்ததுதான்.

பழைய கட்டடம். ஆபரேஷன் தியேட்டருக்குக் காற்று கொடுத்த ஏ.எச்.யு. துருப்பிடித்து, உள்தகடு உதிர ஆரம்பித்துவிட்டது. தியேட்டருக்குள் போகிற காற்றில் ஒரு தூசிகூட இருக்கக்கூடாது என்பதால் தியேட்டரையே மூடிவிட்டார்கள். அவசர ஆபரேஷன்களை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். புதுப் பெட்டி வந்து சேர்ந்தது ஆடி மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் அந்த மாதத்தில் எப்படி அடிக்கும் என்பதைக் கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏ.எச்.யு. அதன் அளவுக்கு அவ்வளவு கனமில்லாத பெட்டி. அகலமான பக்கங்கள். காற்றுக்கு அது தென்னங்கிடுகுப் படல் மாதிரி, அப்படியே தள்ளிக்கொண்டு போகும்.

தள்ளிப்போட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காற்று தணிந்திருக்கும் விடியற்காலையில் தூக்குவது என்று முடிவானது. மேடம் இன்னொன்றும் கேட்டார். பெட்டி ஏறுகிற பக்கம் இருக்கும் நோயாளிகளின் அறைகளை அந்தக் காலை நேரத்துக்கு மட்டும் காலி செய்து தர வேண்டும். நிர்வாக அதிகாரிக்கு எரிச்சல். படுத்திருப்பவர்களை எழுப்பி, சலைன் பாட்டிலோடு வேறு அறைக்கு மாற்றுவது லேசான காரியமா என்று கேட்டார். வெளியே ஏறுகிற பெட்டிக்கு உள்ளே இருக்கிறவர்கள் ஏன் மாற வேண்டும் என்றும் கேட்டார்.

மேடம் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். "கயிறு நல்ல கயிறுங்க. கிரேனும் நல்ல கிரேனுங்க. ஓட்டறவரும் நல்லா ஓட்டுவாருங்க. காத்துக்கு மட்டும் என்னால சொல்ல முடியாதுங்க" என்றார். அதற்குப் பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அறைகள் காலியாகும் என்று அதிகாரி சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று காலை வட்டமாக நின்று அவரவர் வேலையைச் சொன்னோம். கீழே காதர் பாயின் பக்கத்தில் மேடம். மொட்டை மாடியில் சிக்னல் கொடுக்க நான். என்னோடு செல்வராஜ். பெட்டி சுழலாமல் இருக்க அதில் கட்டியிருக்கும் வழிக்கயிற்றை மேலே வாங்கிப் பிடிப்பது அவர் வேலை. எங்கள் குழுவில் உடம்பு வலு உள்ளவர் அவர்தான். ஒரு வேலையைத் தொட்டால் விடமாட்டார். அவருடைய நல்ல குணமும் அது, எங்களுக்குக் கவலையும் அது.

பெட்டி அமைதியாக ஏறியது. எதிர்க் கட்டடத்து மாமரத்தில் இலைகூட அசையவில்லை. கடைசி மாடி ஜன்னலைத் தாண்டி, எங்கள் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் வந்தது. செல்வராஜ் குனிந்து கயிற்றை வாங்கினார். அப்போதுதான் காற்று வந்தது. முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. மாமரம் ஒரே பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். அடுத்த நொடி பெட்டி எங்களை விட்டு வெளியே போனது.

கயிற்றைப் பிடித்திருந்த செல்வராஜும் அதோடு சுவருக்கு இழுபட்டார். இடுப்பில் பெல்ட் மாட்டியிருந்தார், அதனால் கீழே விழமாட்டார். ஆனால் வெளியே போன பெட்டி திரும்பி வரும். வரும்போது சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அவருடைய நெஞ்சும் கைகளும் இருக்கும். இதை எழுதுவதற்கு ஆகிற நேரம்கூட அப்போது எங்களுக்கு இல்லை. நான் அவரை நோக்கி ஓடினேன். என் தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியில் மேடத்தின் குரல் கேட்டது.

"செல்வராஜு, கயித்தை உட்டுருங்க."

"புடிச்சிருவனுங்க" என்றார் செல்வராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு. அது மேடத்துக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவர் விடவில்லை என்பது கீழேயிருந்தே தெரிந்திருக்கிறது.

"உட்டுருங்க. பொட்டி போனாப் போவுதுங்க."

தினமும் எங்கள் வேலையைக் கேட்கும் அதே குரல். கொஞ்சமும் உயரவில்லை. அந்தக் குரலுக்குத்தான் செல்வராஜ் கட்டுப்பட்டார் என்று நினைக்கிறேன். கத்தியிருந்தால் இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பார். கையை விட்டார். கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. நான் அவருடைய பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாந்து விழுந்தோம். பெட்டி திரும்பி வந்து, அவர் நின்றிருந்த இடத்தில் சுவரில் மோதியது. பூச்சு பெயர்ந்து எங்கள் மேல் விழுந்தது. பெட்டியின் கீழ் மூலை கடைசி மாடி ஜன்னலை உடைத்தது.

காதர் பாய் பதறவில்லை. பெட்டி வெளியே போகும்போது கிரேனின் கையை நீட்டி, உள்ளே வரும்போது நிறுத்தி, ஆட்டத்தை அதன் போக்கிலேயே தணித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவில் இறக்கிவிட்டார். கீழே ஒருவரும் இல்லை. தினமும் அங்கே நிற்கும் டீ வண்டியைக்கூட மேடம் முந்தின நாளே பேசி நகர்த்தியிருந்தார்.

நானும் செல்வராஜும் படியிறங்கி வந்தபோது ஜன்னல் உடைந்த அறையின் கதவு திறந்திருந்தது. நிர்வாக அதிகாரி உள்ளே நின்றிருந்தார். ஜன்னலை ஒட்டிய கட்டில் முழுக்கக் கண்ணாடி. தலையணையில் ஒரு நீளமான துண்டு செருகிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பியவர் செல்வராஜின் கையைப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

எங்கள் முதலாளி வந்தார். பெட்டியின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கயிற்றை யார் விட்டது என்று கேட்டார். செல்வராஜ் கட்டுப் போட்ட கையோடு முன்னால் வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் மேடம், "நான்தாங்க உடச் சொன்னேன்" என்றார். முதலாளி பெட்டியையும் பார்த்தார், செல்வராஜையும் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் கையால் குழாய் வளைத்தவர்தான். "ஆளுக்கு ஒண்ணும் இல்லீல்ல" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

தலைமை சர்ஜன் பெரிய டாக்டரம்மா எங்களைத் தேடி வந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. தியேட்டர் இன்னும் பல நாள் மூடிக்கிடக்கும். காத்திருப்பவர்களுக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும். அவர் செல்வராஜின் கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். சரியாக மடங்கின. "பேஷண்டுங்களுக்கு நான் சொல்லிக்கறனுங்க. நீங்க காத்து நின்ன பொறகு ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போது மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

நசுங்கிய பலகைகளைக் கழற்றிப் புதிது போட்டோம். காயிலில் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்தோம். ஃபேன் ஷாஃப்ட் கோணியிருக்கிறதா என்று கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். நல்லவேளை, உள்ளே சேதம் இல்லை. இந்தத் தடவை பெட்டியை முழுசாகத் தூக்க வேண்டாம் என்று மேடம் சொன்னார். ஃபேன் பகுதியைத் தனியாகவும் காயில் பகுதியைத் தனியாகவும் பிரித்தோம். வேலை இரட்டிப்பு. யாரும் முணுமுணுக்கவில்லை.

திரும்பவும் வட்டமாக நின்றோம். செல்வராஜிடம் மட்டும் மேடம் கேள்வியை மாற்றிக் கேட்டார். "இன்னிக்கு நீங்க எங்க நிக்கறீங்கன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். செல்வராஜ் கையைப் பார்த்துக்கொண்டார். மேலேயே நிற்பதாகச் சொன்னார். முதல் பகுதி பாதி உயரத்துக்கு மேல் வந்தபோது அவர் திடீரென்று கையை உயர்த்தி, "நிறுத்துங்க" என்றார்.

காதர் பாய் நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காற்று இல்லை, பெட்டி சாயவில்லை. கீழே பார்த்தேன். மேடமும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார், வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோகவில்லை. செல்வராஜ் மாமரத்தையே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மூச்சை விட்டு, "ஏத்தலாமுங்க மணியண்ணா" என்றார் என்னிடம். நான் சிக்னல் கொடுத்தேன். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. இப்போது சரவணம்பட்டி வேலைக்கு சூப்பர்வைசர் அவர்தான். அன்று என்னை அங்கே கூப்பிட்டதும் அவர்தான்.

மாடியில் பெட்டியை ஸ்பிரிங் தாங்கிகள் மேல் உட்காரவைத்து, மட்டம் பார்த்து, இரண்டு பகுதிகளையும் ரப்பர் பட்டை வைத்துச் சேர்த்தோம். காயிலிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டுக்கு, அது வடியும் பக்கமாக லேசாகச் சாய்வு கொடுத்தோம். சுவிட்ச் போட்டபோது ஃபேன் ஒரே சீராக எழுந்தது. மேடம் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து அதிர்வு பார்த்தார். பிறகு எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து, நல்லா செஞ்சீங்க என்று தனித்தனியாகச் சொன்னார். சில வருடங்கள் கழித்து அவர் குடும்பத்தோடு வெளிநாடு போனார். கிறிஸ்துமஸுக்கு போன் வரும். வீட்டில் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பார்.

தியேட்டர் திறந்த அன்று, ஏதாவது சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள என்னை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். மாடியில் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். தியேட்டர் வாசலில் ஒரு விவசாயி நின்றிருந்தார். வேட்டி, தோளில் துண்டு, கையில் மனைவியின் செருப்பு. என் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, உள்ள ஏசி போடறது நீங்களுங்களா?"

ஆமாம் என்றேன்.

"என்ற ஊட்டுக்காரிக்கு குளுரு ஆவாதுங்க. சித்தக் கொறச்சு வெக்கச் சொல்லுங்க."

தியேட்டருக்குள் எவ்வளவு குளிர் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை நான் மாற்ற முடியாது. ஆனால் அவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார், திரும்பி வந்து பதில் சொன்னார். நான் விவசாயியிடம் போனேன்.

"ரண்டு போர்வை போத்தியிருக்காங்களாமுங்க. சூடு பண்ணுன போர்வைங்களாம். குளுரே தெரியாதாமுங்க" என்றேன்.

அவர் செருப்பை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு என் கையைப் பிடித்தார். கிரீஸ் ஒட்டிய கை என்று நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. கதவு திறக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.